போறணை இல்லாத வீட்டின் பலகாரம்

வட அமெரிக்காவிலே கோடை முதிர்ந்து, வேலியோரத்து முட்கொடிகள் கருநிறப் பழங்களைச் சுமந்து நிற்கும் ஆடி ஆவணிக் காலத்தில், அந்நாட்டுக் குடும்பங்களின் மேசைக்கு ஒரு பலகாரம் வரும். ஆழமான பாத்திரம் ஒன்றிலே பெரிப் பழங்கள் சீனியோடு வெந்து, கருஞ்சிவப்புக் குழம்பாகக் கொதித்துக் கிடக்கும். அதன்மேல் மாக்கட்டிகள் மேடும் பள்ளமுமாகப் பொங்கிப் பொன்னிறமாக நிற்கும். கட்டிகளுக்கு இடையே கசிந்த பழச்சாறு பாத்திரத்தின் விளிம்பைக் கறைப்படுத்தியிருக்கும். அழகுக்காகச் செய்த பண்டம் என்று எவரும் அதனைச் சொல்லார். அதன் பெயர் கொப்ளர்.

இதே பழத்தையும் இதே மாவையும் கொண்டு செய்யப்படும் வேறொரு பலகாரமும் உண்டு. ஆங்கிலேயர் அதனைப் ‘பை’ என வழங்குவர். மெல்லிதாகத் தேய்த்த மாவைத் தட்டிலே விரித்து, பழத்தை நிரப்பி, மற்றொரு மாத்தகட்டினால் மூடி, விளிம்பைச் சீராக மடித்துப் போறணையிலே சுடும் மாவுறை அப்பம் அது. கொப்ளர் அந்த அப்பத்தின் வழியில் வந்ததே. சீராக மூடப்பட்டிருந்த மேற்புறம் எவ்வாறு கட்டியும் இடைவெளியுமாக மாறியது என்று கேட்டால், அக்கேள்விக்கு விடை கூறச் சமையற் குறிப்பு மட்டும் போதாது. ஒரு கண்டத்தின் குடியேற்றச் சரித்திரத்தையே புரட்ட வேண்டியிருக்கும்.

1607இல் வேர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுனிலும், 1620இல் மசச்சூசெற்ஸின் பிளிமத்திலும் கரையிறங்கிய ஆங்கிலேயர் தம் நாட்டுச் சமையல் அறிவையும் உடன்கொண்டு வந்தனர். மாவையும் மாட்டுக்கொழுப்பையும் பழத்தையும் கலந்து துணியிலே கட்டி அவிக்கும் புடிங்கும், போறணையிற் சுடும் மாவுறை அப்பமும் அவர்கள் அறிந்தவை. நிலையான ஊர்கள் தோன்றிய இடங்களில் காலப்போக்கிலே செங்கற்போறணைகளும் எழுந்தன. ஆயின், மலைகளைக் கடந்து மேற்கே காடு வெட்டிச் சென்ற குடும்பங்களின் நிலை வேறு. இலங்கைத் தமிழர் வழங்கும் போறணை என்ற சொல் போத்துக்கேயரிடமிருந்து வந்தது. பாண் சுடும் போறணையை நேரிற் கண்ட நேயர்கள் அதன் பாரத்தை அறிவர். அதனைக் கட்டுவதற்குச் செங்கல்லும் சாந்தும் வேண்டும்; சூடாக்குவதற்கு நெடுநேரம் விறகு எரியவேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரிடத்திலே ஊன்றி வாழும் எண்ணம் வேண்டும். இரண்டொரு ஆண்டுகளில் மீண்டும் மேற்கே பெயரக் காத்திருக்கும் குடும்பம் போறணை கட்டாது. மரக்கட்டைகளை அடுக்கிய குடிசையும், அதன் ஒரு பக்கத்தே திறந்த அடுப்பும், அடுப்பிலே ஓர் இரும்புப் பாத்திரமுமே அதன் அடுக்களை.

அவ்விரும்புப் பாத்திரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்திலே ஆபிரகாம் டார்பி என்பவர், மணல் அச்சிலே இரும்பை வார்த்து வயிறு பருத்த பாத்திரங்களைச் செய்யும் முறைக்கு 1707ஆம் ஆண்டில் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றார். விலையுயர்ந்த பித்தளைப் பாத்திரத்தை வாங்க இயலாத வீடுகளுக்கும் இதனால் உறுதியான சமையற் பாத்திரம் கிடைத்தது. இவ்வழியில் வந்த பாத்திரங்களுள் ஒன்றுக்கு மூன்று குட்டைக் கால்களும், தட்டையான கனத்த மூடியும், மூடியைச் சுற்றி உயர்ந்த விளிம்பும் இருந்தன. கால்கள் தணலுக்கு மேலே பாத்திரத்தைத் தாங்கும். விளிம்பு மூடியின்மேல் இட்ட தணலைச் சரியவிடாது காக்கும். இதனை ஒல்லாந்தப் போறணை என்று அழைத்தனர். கீழும் மேலும் தணலிட்டு அப்பம் சுடும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். சுமந்து செல்லக்கூடிய போறணை எனலாம்.

எனினும், இப்பாத்திரத்தில் மாவுறை அப்பத்தைச் செவ்வையாகச் சுடுதல் எளிதன்று. அடியிலுள்ள தணல் ஒரு பக்கம் தீய்க்கும்; பழச்சாறு மறுபக்கம் மெல்லிய மாத்தகட்டை ஊறச்செய்து களியாக்கும். மாவைத் தகடாகத் தேய்க்கப் பலகையோ மேசையோ இல்லாத குடிசைகளும் இருந்தன. ஆகவே பெண்கள் இரண்டு வழிகளைக் கண்டனர். பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் தடித்த மாவை அப்பிப் பழத்தை நிரப்பிச் சுடுவது ஒன்று. பழத்தை அடியில் இட்டு, குழைத்த மாவைக் கரண்டியால் அள்ளி மேலே போட்டு மூடிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழியே நாளடைவில் நிலைபெற்றது.

இப்பலகாரத்தைப் பற்றிய பழைய அச்சுக் குறிப்புகளுள் ஒன்று, லெற்றிஸ் பிறயன் என்னும் மாது 1839இல் வெளியிட்ட ‘கென்ரக்கி இல்லத்தரசி’ என்ற நூலில் உள்ளது. பீச் பழத்தினாற் செய்யும் பாத்திர அப்பம் என்று அதனை விவரிக்கும் அவர், மக்கள் அதனைக் கொப்ளர் என்று அழைப்பதையும் சொல்கிறார். விருந்தினர் முன் வைக்கும் நாகரிகம் அதற்கு இல்லையென்றும், வீட்டார் உண்ண மிகச் சிறந்ததென்றும் அவர் கருதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1859இல் வெளியான பார்ட்லெற்றின் அமெரிக்கச் சொல்லகராதியிலும் அச்சொல் இடம்பெற்றது. அது மேற்குப் பகுதி மக்களின் வழக்கு என்று அகராதிகாரர் குறித்தார்.

ஆங்கிலத்திலே கொப்ளர் என்பது செருப்புத் தைப்பவரையும் குறிக்கும். கிடைத்ததைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போட்டு முடித்த வேலையைக் குறிக்கும் வினையும் அதனோடு உறவுடையது. கையிலுள்ளதைக் கொண்டு ஒப்பேற்றிய பண்டம் ஆதலின் இப்பெயர் வந்தது என்பார் ஒரு சாரார். மாக்கட்டிகள் தெருவிலே பதித்த உருண்டைக் கற்களைப்போலத் தோன்றுவதால் வந்தது என்பார் மற்றொரு சாரார். கிழக்குக் கரையிலே நியூ இங்கிலாந்துப் பகுதியினர் இதன் உறவுப் பலகாரங்களுக்கு இட்ட பெயர்களும் இவ்வாறே விளையாட்டுத்தனமானவை. தட்டிலிட்டதும் உருக்குலைந்து சரிவதனால் ஒன்றுக்குச் ‘சிலம்ப்’ என்று பெயர். புகழ்பெற்ற எழுத்தாளர் லூயிசா மே அல்கொற் தாம் வாழ்ந்த கொன்கோட் நகர் வீட்டையே ‘அப்பிள் சிலம்ப்’ என்று கேலியாக அழைத்து வந்தார்.

1843ஆம் ஆண்டிலே ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் ஒறிகன் பெருவழியிலே புறப்பட்டனர். மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஏறக்குறைய 2000 மைல் நீண்ட அப்பாதையை மாட்டுவண்டியிலே கடக்க ஐந்து ஆறு மாதங்கள் சென்றன. வண்டியிலே இடம் அருமை. பாரம் மிகுந்தால் மாடுகள் தளரும். வழியிலே பல குடும்பங்கள் நாற்காலிகளையும் அலுமாரிகளையும் எறிந்துவிட்டுச் சென்றன. ஆயினும் மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தை எளிதிற் கைவிட்டாரல்லர். அன்றாட ரொட்டிக்கும் கறிக்கும் அதுவே துணை. பாதையோரத்திலே காட்டுப் பழம் கண்டபோது சிறுவர்கள் பறித்தனர். அன்றிரவு பாத்திரத்திலே கொப்ளர் வெந்தது. பின்னர் 1866இல் சாள்ஸ் குட்நைற் என்னும் மாட்டுப்பண்ணையாளர் மந்தை ஓட்டுவோருக்கென அடுக்களை வண்டியை அமைத்தபோதும் இதே பாத்திரம் அதிலே ஏறியது. அவ்வண்டிச் சமையற்காரர் உலர்ந்த பழங்களை ஊறவைத்தும் இப்பலகாரத்தைச் செய்தனர்.

பாத்திரத்தைப்பற்றிக் கூறியபின் மாவைப்பற்றியும் கூறவேண்டும். கரண்டியால் அள்ளிப் போட்ட மா பொங்கி மென்மையாவது எதனால்? ஈஸ்ற்றினாற் புளிக்கவைக்கப் பல மணி நேரம் வேண்டும். அமெரிக்கர் கண்ட குறுக்குவழி காட்டிலே கிடைத்தது. பயிர் செய்வதற்காகக் குடியேறியோர் பெருமரங்களை வெட்டி எரித்தனர். எரிந்த சாம்பலை நீரிலே கரைத்து வடித்துக் காய்ச்சினால் பொற்றாசு என்னும் உப்பு கிடைக்கும். அதனை மேலும் தூய்மைப்படுத்தினால் வெண்ணிறமான முத்துச்சாம்பல் கிடைக்கும். கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டப்பட்ட இப்பொருள் காடு வெட்டிய உழவனுக்கு முதற்காசைத் தந்தது. ஐக்கிய அமெரிக்கா தன் முதலாவது ஆக்கவுரிமைப் பத்திரத்தை 1790 யூலை 31இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் என்பவருக்கு வழங்கியது. அது பொற்றாசும் முத்துச்சாம்பலும் செய்யும் முறைக்கே வழங்கப்பட்டது. ஜோர்ஜ் வாஷிங்ரன் அதிலே கையொப்பமிட்டார்.

முத்துச்சாம்பல் காரத்தன்மை உடையது. புளித்த மோரோடு அது கூடும்போது கரியமிலவாயு எழும்பும். அவ்வாயு மாவினுள்ளே குமிழ்களாகச் சிக்கி, சூடேற விரிந்து, மாவைப் பொங்கச்செய்யும். 1796இல் ஹாட்பட் நகரிலே அமீலியா சிமன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கச் சமையல்’ என்ற நூல் இம்முறையை அச்சிலே ஏற்றியது. பிற்காலத்தில் அப்பச்சோடா அதன் இடத்தைப் பிடித்தது. 1846இல் நியூயோர்க்கிலே அதன் வாணிபம் தொடங்கியது. 1856இல் பேராசிரியர் எபன் ஹோஸ்வட், சோடாவோடு சேரவேண்டிய அமிலப் பொருளை மாவடிவிலே செய்ய ஆக்கவுரிமை பெற்றார். நீர் பட்டவுடன் பொங்கவல்ல பேக்கிங் பவுடர் இவ்வாறே அமெரிக்க அடுக்களையை அடைந்தது. ஆயினும் முதற்காலத்து மென்மாவைப் பொங்கவைத்தது வெட்டுண்ட காட்டின் சாம்பலே.

காட்டை இழந்தவர்கள் யார் என்பதை அடுத்து நோக்கவேண்டும். கொப்ளரின் உயிர் பழத்திலே உள்ளது. அப்பழத்தை அந்நிலத்தின் முதற்குடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1615இல் ஹியூறன் ஏரிப் பகுதியிலே பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் சாம்பிளேன், அம்மக்கள் புளூபெரிப் பழங்களைச் சேகரித்து மாரிகாலத்துக்காக உலர்த்துவதைக் கண்டார். 1643இல் றொஜர் வில்லியம்ஸ் வெளியிட்ட நூல், நறகான்செற் மக்கள் உலர்ந்த பழத்தை இடித்து வறுத்த சோளமாவோடு கலந்து செய்த இனிய உணவைப் பற்றிக் கூறுகிறது. பழத்தை மாவோடு சேர்க்கும் வழக்கம் ஐரோப்பியர் வந்து கற்பித்ததன்று என்பது இதனால் தெளிவு.

அவர்கள் தாமே விளைந்ததைப் பறித்துண்டதோடு அமைந்தாரல்லர். பெரிச் செடிகள் வெயிலை விரும்புபவை; மரங்கள் அடர்ந்து நிழல் கவிந்தால் காய்ப்புக் குன்றும். ஆதலால் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்துக்கு அளவாகத் தீ வைத்தனர். மரக்கன்றுகள் கருகின, நிலத்தடியிலே உயிரோடிருந்த பெரிச் செடிகள் புதிதாகத் துளிர்த்து மிகுதியாகக் காய்த்தன. கிழக்கே மேயின் பகுதியிலும், மேற்கே பசிபிக் கரையை அடுத்த மலைகளிலும் இம்முறை நிலவியது. வந்தேறியோர் இயற்கையின் கொடை என்று எண்ணிப் பறித்த பழக்காடுகளுள் பல மனிதர் பேணிய தோட்டங்களே.

1830இல் இயற்றப்பட்ட சட்டமொன்று மிசிசிப்பி ஆற்றின் கிழக்கே வாழ்ந்த முதற்குடிகளைப் பெயர்த்து மேற்கே அனுப்ப வழிசெய்தது. மேற்கிலும் நிலம் கைமாறிற்று. 1855இல் யாக்கமா மக்கள் செய்துகொண்ட உடன்படிக்கையிலே ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்தனர். ஆயின் சில உரிமைகளை அவர்கள் விடவில்லை. மீன்பிடித்தல், வேட்டையாடுதல் என்பவற்றோடு, கிழங்கும் பெரிப் பழமும் சேகரிக்கும் உரிமையும் அவ்வுடன்படிக்கையிலே வெளிப்படையாக எழுதப்பட்டது. நாடு கைவிட்டுப் போகும் வேளையிலும் பழத்தைப் பத்திரத்தில் எழுதி வைத்த மக்களுக்கு அது வெறும் தின்பண்டமாக இருந்திராது என்பதை நேயர்கள் உணரலாம்.

அந்த உரிமைக்குச் சோதனையும் வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்திலே வேலையிழந்த ஆயிரக்கணக்கான மக்கள் வாஷிங்ரன் மாநிலத்து மலைகளிலுள்ள ஹக்கிள்பெரி நிலங்களுக்குத் திரண்டனர். விற்றுப் பிழைக்க அவர்களுக்கு வேறு பொருள் இல்லை. முதற்குடிகளுக்கோ அது முன்னோர் வழிவந்த மாரிகால உணவு. 1932இல் யாக்கமாத் தலைவரும் அரசின் வனத்துறை அதிகாரியும் சந்தித்து, பாதையின் ஒரு பக்கத்து நிலத்தை முதற்குடிகளுக்கென ஒதுக்க உடன்பட்டுக் கைகுலுக்கினர். அக்கைகுலுக்கலின் பெயராலேயே அவ்வொப்பந்தம் இன்றும் அறியப்படுகிறது. தீ வைக்கும் பழைய முறையை வனத்துறை தடுத்திருந்தமையால், மரங்கள் பெருகி அந்நிலங்கள் பல சுருங்கின என்பதும் குறிப்பிடத்தக்கது.

பழத்தைப் பேணியவர்களைப்போலவே, மாவைப் பிசைந்தவர்களுள்ளும் பலரைச் சரித்திரம் மறந்தது. கொப்ளரைப்பற்றி அந்நூல் எழுந்த 1839இல் கென்ரக்கி அடிமை முறை நிலவிய மாநிலம். செல்வர் வீடுகளின் அடுக்களையிலே தணலைக் கிளறி, மூடியைத் தூக்கி, பதம் பார்த்தவர்கள் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களே. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. அடுத்த ஆண்டே, சுதந்திரமான கறுப்பினப் பெண்ணாகிய மலிண்டா றசல் மிச்சிகனிலே தம் சமையல் நூலை வெளியிட்டார். 1881இல் சான்பிரான்சிஸ்கோவிலே அபி பிஷர் தம் நூலை வெளியிட்டார். அடிமையாகப் பிறந்து எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாதிருந்த அவர், வாயாற் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். பிளாக்பெரிப் பழத்திலிருந்து குழந்தைகளின் வயிற்றுளைவுக்குச் செய்யும் பாணியும் அதிலே உண்டு. தோட்டங்களிலே அடிமைப்பட்டிருந்தோர் கைக்கொண்ட அம்மருந்து, பலகாரத்துக்குரிய அதே பழம் உயிர்காக்கவும் உதவியதைக் காட்டும்.

பின்வந்த காலத்திலே காட்டுப்பழம் தோட்டப்பழமாயிற்று. 1885இல் லூதர் பேர்பாங்க் ஒரு பிளாக்பெரி இனத்தைக் கொணர்ந்து, இமயமலைப் பழம் என்று பெயரிட்டுப் பரப்பினார். அதன் தாயகம் இமயமன்று, ஆர்மேனியப் பகுதியே எனப் பின்னர் ஆராய்ந்தோர் கூறினர். இன்று மேற்குக் கரையிலே அது பிற செடிகளை நெருக்கி அழிக்கும் களையாகவும் திகழ்கிறது. புளூபெரி அமிலத்தன்மையுள்ள மண்ணையே விரும்பும் என்பதைத் தாவரவியலாளர் பிரெடெரிக் கொவில் நிறுவினார். 1911இல் நியூ ஜேர்சியைச் சேர்ந்த எலிசபெத் வைற் அவரோடு சேர்ந்தார். பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடிகளைக் காட்டித்தரும் அயலாருக்கு அவர் பணம் கொடுத்தார். 1916இல் தோட்டத்தில் விளைந்த புளூபெரி முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. 1956இல் ஒறிகனிலே ஜோர்ஜ் வால்டோ உருவாக்கிய மரியன்பெரி வெளிவந்தது. கொப்ளருக்கு மிக உகந்த பழம் அதுவென்று ஒறிகன் மக்கள் பெருமையோடு கூறுவர்.

இன்று வீட்டிலே கொப்ளர் செய்யும் முறை பழையதன் சுவடுகளைத் தாங்கியே நிற்கிறது. 5 கோப்பை பழத்தோடு முக்கால் கோப்பை சீனியும், 2 மேசைக்கரண்டி சோளமாவும், சிறிது தேசிக்காய்ச் சாறும் கலந்து ஆழமான பாத்திரத்தில் இடுவர். ஒன்றரைக் கோப்பை கோதுமை மாவிலே 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும், கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும், சிறிது உப்பும் சீனியும் சேர்ப்பர். குளிர்ந்த வெண்ணெய் 6 மேசைக்கரண்டியை விரல் நுனியால் அதனுட் பிசிறி, முக்கால் கோப்பை மோர் ஊற்றிக் குழைப்பர். மிகுதியாகப் பிசைந்தால் மா இறுகிவிடும். சேர்ந்தும் சேராத பதமே நன்று. முதலிலே பழத்தை மட்டும் சூடாக்கிப் பின்னர் மாவை அள்ளிப் போடுதல் அறிவுடைமை. குளிர்ந்த பழத்தின்மேற் போட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாது நிற்கும். கட்டிகளுக்கு இடையே இடைவெளியும் விடவேண்டும். ஆவி அவ்வழியே வெளியேறினாற்றான் மா நனையாது வேகும். 190 பாகை செல்சியசிலே ஏறக்குறைய 40 நிமிடம் சுடுவர். ஓரத்திலே மட்டுமன்றி நடுவிலும் பழச்சாறு கொதித்து எழுதலே பதம். அச்சூட்டிலேதான் சோளமா சாற்றைத் தடிப்பாக்கும். இறக்கியபின் அரைமணி நேரமேனும் ஆறவிட்டால் குழம்பு கட்டிப்படும்.

மின்சாரப் போறணையும் தேய்த்த மாத்தகடும் கடையிலே எளிதிற் கிடைக்கும் இக்காலத்திலும், அமெரிக்கர் கொப்ளரின் மேற்புறத்தைச் சீராக்க முயலவில்லை. மோரும் சோடாவும் சாம்பற்காலத்தை நினைவூட்டுகின்றன. ஆழமான பாத்திரம் தணற்காலத்தை நினைவூட்டுகிறது. மாக்கட்டிகள் பலகையும் மேசையும் இல்லாத குடிசையை நினைவூட்டுகின்றன. போறணை இல்லாத வீடுகளிலே பிறந்த வழக்கம், போறணை வந்தபின்னும் மாறவில்லை.

பழத்தின் நினைவைப் பேணுவோர் வேறாக உளர். வடமேற்கு மலைகளை அடுத்து வாழும் யாக்கமா, வோம் ஸ்பிறிங்ஸ் மக்களிடையே, ஹக்கிள்பெரி பழுக்கும் கோடைக்கடையிலே முதற்பழத்துக்கு ஒரு விருந்து எடுக்கப்படுகிறது. முதலிலே சிலர் சென்று பழம் கொண்டுவருவர். ஊரார் கூடி, நன்றி கூறி, அதனை உண்பர். அவ்விருந்து முடியும்வரை தமக்கென ஒரு பழமும் பறிக்கலாகாது என்பது அவர்களுடைய மரபு. விருந்து முடிந்தபின் கூடைகளை எடுத்துக்கொண்டு சிறுவரும் பெரியவரும் மலையேறுவர்.